எனூமா எலிஷ் படிக்கத் தொடங்குபவருக்கு: எந்தப் பதிப்பு, எவ்வளவு நேரம், எங்கே சறுக்கும்

பழைய நாகரிகங்களின் படைப்புக் கதைகளை இணையத்தில் தேடினால், பாபிலோனியாவுக்கு ஒரே சுருக்கம்தான் நூறு இடங்களில் கிடைக்கும். தியாமத் என்ற டிராகனை மர்துக் வெட்டி உலகத்தைச் செய்தான், அவ்வளவுதான். சரி, மூலமான எனூமா எலிஷ் பாட்டையே படித்துவிடுவோம் என்று இறங்கினால் வேறு தொல்லை. பத்து மொழிபெயர்ப்புகள் இருக்கும், ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்காது. பக்கம் முழுக்க அடைப்புக்குறி. ஒரே ஆளுக்கு மூன்று பெயர். பெரும்பாலானவர்கள் முதல் பலகையோடு மூடி வைத்துவிடுகிறார்கள்.

அப்படி நிற்காமல் ஏழு பலகைகளையும் கடப்பதற்கான குறிப்புகள் கீழே. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும். பாட்டின் மொழியான அக்காதியமோ, அதைக் களிமண்ணில் பதித்த ஆப்பெழுத்தோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. செலவு, மனம் வைத்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான்.

1. என்ன படிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

எனூமா எலிஷ் ஏழு களிமண் பலகைகளில் எழுதப்பட்ட ஒரு நீண்ட பாட்டு. ஒவ்வொரு பலகையும் ஏறத்தாழ 130 முதல் 170 வரி, மொத்தம் 1,100 வரியை ஒட்டி வரும். "மேலே வானத்துக்குப் பெயர் இடப்படாதபோது" என்று தொடங்குகிறது. தலைப்பும் அந்த முதல் வரியின் முதல் இரண்டு சொற்கள்தான்.

"படைப்புக் காவியம்" என்ற பெயரை நம்பிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வானம், விண்மீன், மனிதன் எல்லாம் படைக்கப்படுவது நான்காம் பலகையின் கடைசி வரிகளில் தொடங்கி ஆறாம் பலகையின் முதல் பகுதியில் முடிந்துவிடும். மீதி முழுக்க ஒரு பதவியேற்பு: பாபிலோனின் தெய்வம் மர்துக் எப்படி எல்லாத் தெய்வங்களுக்கும் அரசன் ஆனான் என்பதே பாட்டின் பேச்சு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இரண்டாம், மூன்றாம் பலகைகளில் எதுவுமே படைக்கப்படவில்லையே என்ற எரிச்சல் வராது. ஏழாம் பலகை ஏன் வெறும் பெயர்ப் பட்டியலாக முடிகிறது என்பதும் புரியும்.

2. பதிப்பைத் தேர்ந்தெடுத்தல்

பாதிப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். தேடுபொறியில் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் எல். டபிள்யூ. கிங் 1902-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பழைய மொழிபெயர்ப்பு. காப்புரிமை முடிந்துவிட்டதால் எல்லாத் தளங்களிலும் அதைத்தான் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கிங் நல்ல அறிஞர். ஆனால் அவர் கையில் இருந்தது இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பலகைகளில் ஒரு பகுதிதான். பிறகு ஆஷூர், கிஷ், சுல்தான்தெபே போன்ற இடங்களில் கிடைத்த பிரதிகள் பல ஓட்டைகளை அடைத்திருக்கின்றன.

பெயர் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பு கைக்கு வந்தால், அது பழைய மூலத்தை ஒட்டியதா என்று ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம்.

அ) ஆறாம் பலகையின் தொடக்கம், ஐந்தாம் வரி. மர்துக் "என் இரத்தத்தை எடுப்பேன்" என்று சொன்னால் அது கிங் காலத்து வாசிப்பு. இன்றைய வாசிப்பில் அவன் இரத்தத்தைத் திரட்டுவேன், எலும்பை உண்டாக்குவேன் என்று சொல்கிறான். அது யாருடைய இரத்தம் என்பது சில வரிகள் கழித்துத் தெரியும்: தியாமத்தின் படைத்தலைவன் கிங்குவைக் கட்டிக் கொண்டுவந்து அவன் இரத்தத்திலிருந்து மனிதனைச் செய்கிறார்கள். அந்தப் பகுதி மொழிபெயர்ப்பாளர் கிங் கைக்குக் கிடைக்கவில்லை. மனிதன் பிறந்தது அரசனாகிய தெய்வத்தின் இரத்தத்திலா, தோற்ற கலகக்காரனின் இரத்தத்திலா என்பது சின்ன வேறுபாடு இல்லை. பழைய பதிப்பை வைத்து யாராவது கட்டுரை எழுதினால் முடிவே தலைகீழாகிவிடும்.

ஆ) ஐந்தாம் பலகை. நிலவின் பிறை பற்றிய இருபது முப்பது வரிகளோடு பலகை உடைந்து நின்றுவிட்டால் அது 1961-க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் சுல்தான்தெபே பிரதியைச் சேர்த்து இந்தப் பலகையின் பெரும்பகுதியை வெளியிட்டார்கள். யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகள் தியாமத்தின் கண்களிலிருந்து பாய்வது இந்தப் புதிய பகுதியில்தான் வருகிறது.

இ) நான்காம் பலகையின் தொடக்கத்தில் மர்துக்கின் சொல்வலிமைக்குத் தெய்வங்கள் ஒரு சோதனை வைக்கின்றன. அழி என்றால் அழிய வேண்டும், மீண்டும் வா என்றால் வர வேண்டும். அங்கே நடுவில் வைக்கப்படுவது "ஆடை" என்று இருந்தால் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பு. "விண்மீன் கூட்டம்" என்று இருந்தால் புதியது.

இன்று பயன்படுத்தத் தகுந்தவை இவை. முதலாவது, மியூனிக் பல்கலைக்கழகம் நடத்தும் எலக்ட்ரானிக் பாபிலோனியன் லைப்ரரி. இலவசம். அக்காதிய வரியோடு ஆங்கில வரியும் சேர்ந்தே இருக்கும். எந்தப் பலகைத் துண்டில் எந்த வரி கிடைத்தது என்பதையும் பார்க்கலாம். செல்பேசியில் திறந்தால் கண் வலிக்கும், கணினியில் பாருங்கள். அண்மையில் ப்ளூம்ஸ்பரி வெளியிட்ட புதிய பதிப்பு ஒன்றும் திறந்த அணுக்கத்தில் (ஓப்பன் ஆக்சஸ், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்) பி.டி.எஃப் ஆகக் கிடைக்கிறது. அதில் மொழிபெயர்ப்போடு விளக்கக் கட்டுரைகளும் உண்டு.

கையில் புத்தகம் இருந்தால்தான் படிக்க வரும் என்பவர்களுக்கு ஸ்டெஃபனி டாலியின் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடு. சாதாரண அட்டைப் பதிப்பு, பழைய புத்தகக் கடைகளிலும் கிடைக்கும். அதே புத்தகத்தில் அத்ரஹாசிஸ், கில்காமெஷ் என்ற வேறு இரண்டு மெசபொடோமியக் கதைகளும் இருப்பதால் அடுத்த கட்டத்துக்கும் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். 2000-இல் வந்த திருத்திய பதிப்பா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். டபிள்யூ. ஜி. லாம்பர்ட்டின் 2013 பதிப்புதான் துறையினர் கைநூல். தடிமனும் விலையும் அதிகம். அதை வாங்க வேண்டாம், ஐயம் வரும் வரிகளுக்கு நூலகத்தில் புரட்டிப் பார்த்தால் போதும்.

இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளை ஒரே நேரத்தில் விரித்து வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். ஒன்றை எடுத்து முடியுங்கள்.

அச்செடுக்க நினைத்தால்: பக்கத்துக்கு 40 வரி வைத்து ஏறத்தாழ 28 பக்கம் வரும். ஜெராக்ஸ் கடையில் பக்கம் இரண்டு ரூபாய் என்றாலும் அறுபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். வலப்பக்கம் மூன்று விரல் அகலம் இடம் விட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்செடுங்கள். பின்பக்கம் குறிப்புக்கு உதவும்.

3. பக்கத்தில் இருக்கும் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இது தெரியாமல் படித்தால் மொழிபெயர்ப்பாளரின் ஊகத்தைப் பாபிலோனியரின் சொல்லாக எடுத்துக்கொள்வீர்கள்.

சதுர அடைப்புக்குள் இருப்பது பலகையில் உடைந்துபோன இடம். உள்ளே சொல் இருந்தால் அதைப் பதிப்பாசிரியர் நிரப்பியிருக்கிறார். வேறு பிரதியையோ, அதே வரி இன்னோரிடத்தில் திரும்ப வருவதையோ வைத்து நிரப்பியிருக்கலாம், அல்லது வெறும் ஊகமாகவும் இருக்கலாம். புள்ளிகள் மட்டும் இருந்தால் நிரப்ப வழியில்லை என்று பொருள். வளைவு அடைப்புக்குள் இருப்பது பலகையில் இல்லாதது, படிப்பவருக்குப் புரிவதற்காக மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது. சாய்வெழுத்து, ஐயத்துக்குரிய பொருள். அக்காதிய எழுத்துப்பெயர்ப்பில் சிறிய எக்ஸ் குறி வந்தால் அங்கே ஓர் எழுத்து இருக்கிறது, ஆனால் வாசிக்க முடியவில்லை. பெயருக்கு முன்னால் மேலே தூக்கி எழுதிய சிறிய டி எழுத்து, அது ஒரு தெய்வத்தின் பெயர் என்பதற்கான அடையாளம். உச்சரிக்கக் கூடாது.

பதிப்புக்குப் பதிப்பு இந்தக் குறிகள் கொஞ்சம் மாறும். பெரும்பாலும் முன்னுரையை ஒட்டிப் பட்டியல் இருக்கும்.

மேற்கோள் காட்டும்போது பலகை எண், வரி எண் இரண்டையும் எழுதுங்கள்: 4:137 என்பது நான்காம் பலகை, 137-ஆம் வரி. பக்க எண்ணால் பயனில்லை, அடுத்தவர் கையில் இருப்பது வேறு பதிப்பாக இருக்கும். பழைய பதிப்புகளின் வரி எண்ணும் புதியவற்றோடு ஒத்துப்போகாது. அதனால் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்தே குறியுங்கள்.

4. பெயர்த் தாள் ஒன்று தயாரியுங்கள்

முதல் பலகையைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் தலைமுறைப் படம் வரைந்துகொள்ளுங்கள். உச்சியில் அப்சு, தியாமத். அப்சு நிலத்தடி நன்னீர், ஆண். தியாமத் கடல், பெண். இரண்டு நீரும் கலந்திருந்ததில் லஹ்முவும் லஹாமுவும் தோன்றுகிறார்கள். அடுத்து அன்ஷார், கிஷார். இவர்கள் லஹ்மு இணையின் பிள்ளைகள் என்று பல படங்களில் நேர்க்கோடு போட்டிருக்கும். பாட்டு அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை, அவர்களை மிஞ்சியவர்களாக உண்டானார்கள் என்றுதான் சொல்கிறது. புள்ளிக்கோடு போடுங்கள். அன்ஷாரின் மகன் அனு, அனுவின் மகன் எயா, எயாவுக்கும் தம்கினாவுக்கும் பிறந்தவன் மர்துக்.

படத்துக்குப் பக்கத்திலேயே குழப்பும் பெயர்களை எழுதி வையுங்கள்:

நுதிம்முத் என்பவன் வேறு யாரும் இல்லை, எயாதான். பேல் என்றால் மர்துக். "ஹூபுர் தாய்" என்று திடீரென ஒருத்தி வந்து அரக்கர்களைப் பெறுவாள், அவள் தியாமத். கிங்கு, சில பதிப்புகளில் முதலெழுத்து மாறி வருவான், ஆள் ஒருவன்தான். மும்மு என்பது முதல் பலகையின் நான்காம் வரியில் தியாமத்துக்கு அடைமொழி. இருபத்தைந்து வரி கழித்து அதே பெயரில் அப்சுவின் அமைச்சன் வருவான், இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். லஹாமு என்ற பெயரும் அப்படித்தான், மூத்த தலைமுறைத் தெய்வத்துக்கும் தியாமத் பெற்ற பதினோரு அரக்கர்களில் ஒன்றுக்கும் பொது. ககா என்பவன் அன்ஷாரின் தூதன், மூன்றாம் பலகையோடு அவன் வேலை முடிந்தது.

ஆஷூர் நகரத்துப் பிரதிகளில் மர்துக்கின் இடத்தில் அன்ஷாரின் பெயர் இருக்கும். அசீரியர்கள் தங்கள் தெய்வம் ஆஷூரை அன்ஷாராகக் கருதித் தலைவனாக்கிச் செய்த மாற்றம் அது. அடிக்குறிப்பில் பார்த்தால் பதற வேண்டாம்.

5. படிக்கும் முறையும் நேரமும்

உரக்கப் படியுங்கள். இது காதுக்கு எழுதிய பாட்டு. பாபிலோனில் புத்தாண்டு விழாவின்போது, நிசான்னு மாதம் நான்காம் நாள், எசகில் கோயிலின் தலைமைப் பூசாரி மர்துக்கின் முன்னால் இதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓத வேண்டும் என்று விழாச் சடங்கு நூல் சொல்கிறது. ஓதும் நேரம் முழுக்க அனுவின் மகுடமும் என்லிலின் இருக்கையும் மூடப்பட்டிருக்க வேண்டும். பழைய தலைவர்களை மறைத்து வைத்துவிட்டுப் புதிய தலைவனின் கதையைச் சொல்கிறார்கள்.

ஒரு பலகையை உரக்கப் படிக்க 15 முதல் 20 நிமிடம். முழுவதையும் ஒரே மூச்சில் படித்தால் இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். ஆனால் முதன்முறை அப்படிச் செய்யாதீர்கள், பெயர்கள் கலங்கிப்போகும். எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பலகைக்கு இரண்டு அமர்வு. இளைய தெய்வங்களின் கூச்சல் தாங்காமல் அப்சு அவர்களை அழிக்கத் திட்டமிடுகிறான். தியாமத் முதலில் அதை எதிர்க்கிறாள்: நாம் பெற்றதை நாமே எப்படி அழிப்பது என்று கேட்கிறாள். சுருக்கங்கள் இதை விட்டுவிடுவதால்தான் அவள் தொடக்கத்திலிருந்தே வில்லியாகத் தெரிகிறாள். எயா மந்திரத்தால் அப்சுவைத் தூங்க வைத்துக் கொன்று, அவன் மேலேயே தன் வீட்டைக் கட்டிக்கொள்கிறான். அந்த வீட்டில் மர்துக் பிறக்கிறான், நான்கு கண், நான்கு காது. இதுவரை முதல் அமர்வு. இரண்டாவதில், பேரனுக்கு விளையாட அனு நான்கு காற்றுகளைச் செய்து தருகிறான், அதன் தொல்லையால் தியாமத் கலங்குகிறாள், மற்றவர்கள் அவளைத் தூண்டிவிடுகிறார்கள், அவள் பதினோரு அரக்கர்களை உண்டாக்கிக் கிங்குவிடம் விதியை நிர்ணயிக்கும் அதிகாரம் தரும் விதிப்பலகையைக் கொடுக்கிறாள். அரக்கர் பட்டியல் வரும் கடைசி முப்பது வரியைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள்.

இரண்டும் மூன்றும் ஒரே அமர்வில். நீங்கள் கோடிட்ட அந்தப் பகுதி மொத்தம் நான்கு முறை வரும்: முதல் பலகையில் ஒன்று, எயா அன்ஷாரிடம் சொல்லும்போது ஒன்று, அன்ஷார் ககாவிடம் சொல்லும்போது ஒன்று, ககா போய் லஹ்முவிடம் ஒப்பிக்கும்போது ஒன்று. மூன்றாம் பலகையின் 138 வரியில் 100-க்கும் மேல் இப்படித் திரும்பச் சொல்லப்படுவதுதான். இங்கேதான் பலர் தாண்டிப் போகிறார்கள். தாண்டுங்கள், குற்றமில்லை. ஆனால் இரண்டாம் பலகையில் இரண்டு இடத்தைத் தவறவிடக் கூடாது. எயா போய்த் திரும்பி வருகிறான், அனு போய்த் திரும்பி வருகிறான். அதன் பிறகு மர்துக் ஒரு நிபந்தனையோடு முன்வருகிறான்: இனி விதியை நிர்ணயிப்பது என் வாய்ச்சொல்லாக இருக்க வேண்டும். பாட்டு முழுக்க இந்த ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறது. மூன்றாம் பலகையின் கடைசியில் தெய்வங்கள் கூடி, உண்டு, பீர் குடித்து, உடல் தளர்ந்து, கவலை மறந்து அந்த ஒப்பந்தத்துக்குத் தலையாட்டுகின்றன. இவ்வளவு பெரிய அதிகார மாற்றத்தை விருந்து மேசையில் முடித்து வைத்த புலவனுக்கு நகைச்சுவை இல்லை என்று சொல்ல முடியாது.

நான்காம் பலகை ஓர் அமர்வு. போர் இங்கே. வில், கதாயுதம், வலை, காற்றுகள். 65-ஆம் வரியை ஒட்டி ஒரு சிக்கல் இருக்கிறது. மர்துக் நெருங்கிப் பார்க்கிறான், அடுத்த வரிகளில் யாரோ ஒருவரின் நடை தடுமாறுகிறது, உறுதி குலைகிறது. யாருடையது? பழைய மொழிபெயர்ப்புகள் கிங்குவின் பெயரை அடைப்புக்குள் போட்டு அவன் தலையில் கட்டிவிட்டன. லாம்பர்ட் மர்துக்கே நிலைகுலைந்ததாகப் படிக்கிறார். உங்கள் பதிப்பு எந்தப் பக்கம் என்று பார்த்து ஓரத்தில் குறித்து வையுங்கள். நாயகன் ஒரு கணம் அஞ்சினானா என்பது அந்த ஒரு வளைவு அடைப்பைப் பொறுத்தது. பிறகு தீய காற்று தியாமத்தின் வாய்க்குள் புகுந்து வயிற்றை உப்ப வைக்கிறது, அம்பு பாய்கிறது. 4:137-இல் கருவாட்டுக்கு மீனைப் பிளப்பதுபோல அவளை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானக் கூரையாக விரிக்கிறான். தண்ணீர் கீழே ஒழுகாமல் இருக்கக் காவல் வேறு வைக்கிறான்.

ஐந்தாம் பலகைக்கு ஓர் அமர்வு, ஆனால் மெதுவாக. ஏழிலும் அதிகம் சிதைந்தது இது. விட்டுவிட்டுப் படிக்க நேரும். 12 மாதம், மாதத்துக்கு மூன்று விண்மீன் என்று கணக்குப் பிரித்து நிறுத்துகிறான். நிலவுக்கு ஏழாம் நாள் பாதி மகுடம், மாத நடுவில் முழுமை என்று கட்டளையிடுகிறான். பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதி சட்டென்று பிடிபடும். உடைந்த இடங்களில் கதையை நீங்களாக ஒட்ட வைக்காதீர்கள். இடைவெளியை இடைவெளியாகவே குறிப்பில் எழுதுங்கள்.

ஆறாம் பலகை ஓர் அமர்வு. மனிதன் எதற்காக என்பதைப் பாட்டு ஒளிக்காமல் சொல்கிறது: தெய்வங்களின் வேலையை அவன் சுமக்க வேண்டும், அவை ஓய்வெடுக்க வேண்டும். மர்துக் யோசனை சொல்கிறான், கைவேலை எயாவுடையது. அனுன்னாகி தெய்வங்களில் 300 வானத்துக்கும் 300 கீழுலகுக்கும் பிரிக்கப்படுகின்றன. நன்றிக்கடனாக அவை ஓராண்டு செங்கல் அறுத்து, இரண்டாம் ஆண்டில் எசகிலை எழுப்புகின்றன.

ஆறின் கடைசியில் தொடங்கும் பெயர்ப் பட்டியல் ஏழாம் பலகையை நிறைக்கிறது. இதற்கு இரண்டு அமர்வு. பெயர்கள் பெரும்பாலும் சுமேரியம், விளக்கம் அக்காதியம். சகஸ்ரநாமம் கேட்ட காதுக்கு இது அன்னியமாக இருக்காது. ஒரு பெயரைச் சொல்லி, அது தரும் வேலையைச் சொல்லி, அடுத்த பெயருக்குப் போகும். பாட்டு 50 பெயர் என்று சொல்கிறது. எண்ணும் முறையைப் பொறுத்து உங்கள் கணக்கு 50-ஐத் தாண்டும், அதற்காகத் திரும்ப எண்ணி நேரத்தை வீணாக்காதீர்கள். பட்டியலின் முடிவில் என்லில் தன் "நாடுகளின் தலைவன்" என்ற பட்டத்தையும் எயா தன் பெயரையும் மர்துக்குக்குக் கொடுத்துவிடுவதைக் கவனியுங்கள். இரண்டாம் பலகையில் கேட்ட விலை முழுசாக வசூலாவது இங்கேதான்.

6. அடிக்கடி விழும் குழிகள்

நிபிரு கோள். 1976-இல் வெளியான ஓர் ஆங்கிலப் புத்தகம் கிளப்பிவிட்டது இது: சூரிய மண்டலத்தில் மறைந்திருக்கும் கோள், அங்கிருந்து வந்த அனுன்னாகிகள், தங்கச் சுரங்கம். யூடியூபில் தமிழிலேயே மணிக்கணக்கில் ஓடுகிறது. பாட்டில் நிபிரு என்பது மர்துக்கின் பெயர்களில் ஒன்று, விண்மீன்களின் பாதையை நிலைநிறுத்தும் வான்குறி. வேறு வானியல் பலகைகள் இதை வியாழனோடு இணைக்கின்றன. தங்கச் சுரங்கம் ஏழு பலகையில் எங்கும் இல்லை.

"சுமேரியம் தமிழே" என்ற வாதத்தோடு இந்தப் பாட்டைக் கொண்டுவந்து நிறுத்துவது. பாட்டின் மொழி அக்காதியம். அது செமித்தியக் குடும்பம், அரபு, எபிரேயத்துக்கு உறவு. ஏழாம் பலகையின் பெயர்கள் சுமேரியம் என்பது உண்மை, ஆனால் சுமேரியத்தை மொழியியலாளர்கள் எந்தக் குடும்பத்திலும் சேர்க்காமல் தனிமொழியாகவே வைத்திருக்கிறார்கள். ஒலி ஒத்த இருபது சொல்லை அடுக்கிக் காட்டும் பட்டியலை வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாது.

தியாமத்தின் "படம்". கையில் இடி ஏந்திய தெய்வம் ஒன்று, சிங்க உடலும் சிறகும் கொண்ட விலங்கைத் துரத்தும் அசீரியச் சிற்பம் எல்லாக் கட்டுரையிலும் மர்துக்–தியாமத் என்ற பெயரில் வரும். அது நிம்ருத் என்ற அசீரிய நகரில், நினுர்தா என்ற வேறு தெய்வத்தின் கோயிலில் இருந்த சிற்பம். அந்தப் போர் வேறு. பாட்டில் தியாமத்துக்கு வாய், வயிறு, கண், வால் எல்லாம் உண்டு, அவளே தண்ணீராகவும் இருக்கிறாள். டிராகன் என்று ஒரே உருவத்தில் அடைக்கும்படியான வருணனை கிடையாது.

ஏழு பலகை, ஏழு நாள். பைபிளின் ஆதியாகமத்தில் வரும் ஏழு நாள் இதிலிருந்து வந்தது என்பதற்கு எண்ணைச் சான்றாகக் காட்டுவார்கள். ஆறாம் பலகையில் மனிதன், ஆறாம் நாளில் மனிதன், சரிதான். அப்படியானால் இரண்டாம், மூன்றாம் பலகைக்கு எதிரே எந்த நாளை வைப்பது? அவற்றில் தூதும் விருந்தும்தான் இருக்கின்றன. இரண்டு நூலுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவும் முடியாது, ஆனால் அந்தத் தொடர்பைப் பலகையின் எண்ணிக்கையில் தேடக் கூடாது.

"பாபிலோனியரின் படைப்புக் கதை" என்று ஒருமையில் பேசுவது. மெசபொடோமியாவில் படைப்புக் கதைகள் பல, ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்கும். இது மர்துக் கோயிலின் கதை.

7. அடுத்து எதைப் படிப்பது, எப்படி ஒப்பிடுவது

உடனே கிரேக்கத்துக்கோ மாயருக்கோ தாவாதீர்கள். அத்ரஹாசிஸ் மூன்று பலகை, இரண்டு மூன்று அமர்வில் முடியும். அதில் கால்வாய் வெட்டிக் களைத்த தெய்வங்கள் கருவிகளைக் கொளுத்திவிட்டு என்லிலின் வீட்டை முற்றுகையிடுகின்றன. பிறகுதான் கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் சதையும் இரத்தமும் களிமண்ணில் பிசையப்பட்டு மனிதன் உண்டாகிறான். கூச்சலால் மூத்த தெய்வத்துக்குத் தூக்கம் கெடுவது அங்கேயும் வரும், அங்கே கூச்சல் மனிதருடையது. எனூமா எலிஷ் எதை எடுத்து எதை மாற்றியது என்பது இதைப் படித்தால்தான் தெரியும்.

நோட்டில் ஐந்து நெடுவரிசைக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: முதலில் இருந்தது எது, சண்டை உண்டா, உலகம் எதிலிருந்து, மனிதன் எதிலிருந்து, மனிதன் எதற்கு. விடையோடு வரி எண்ணும் எழுதுங்கள். நூல் விடை சொல்லாவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். கிரேக்கக் கவிஞர் ஹெசியோதின் தியோகனி 1,022 வரி, தலைமுறைச் சண்டைக்கு நல்ல இணை, மனிதன் எதிலிருந்து என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே நிற்கும். ரிக் வேதம் 10:129 ஏழே பாடல், பத்து நிமிடம், அதிலும் "இல்லாதபோது" என்ற தொடக்கம் உண்டு. பரிபாடலின் இரண்டாம் பாடலையும் கட்டத்தில் போட்டுப் பாருங்கள்: வானம், வளி, தீ, நீர், நிலம் என்று ஊழி ஊழியாக ஒன்றிலிருந்து ஒன்று தோன்றும், போர் இல்லாமலே. மாயரின் பொப்போல் வூ கடைசியில் போதும். அது நீளம், கையெழுத்துப் படியும் ஸ்பானியர் வந்த பிறகு எழுதப்பட்டது, அதற்குத் தனித் தயாரிப்பு வேண்டும்.

8. பலகையைப் பார்க்க, படத்தைப் பயன்படுத்த

அசீரியத் தலைநகரான நினிவேயில் கிடைத்த பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. முதல் பலகையின் தொடக்கம் உள்ள துண்டின் எண் கே 5419 சி. அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் அந்த எண்ணைப் போட்டால் படம் இலவசமாகத் திறக்கும். நேரில் போவதானால் பொது நுழைவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பலகை அன்று காட்சியில் இருக்கிறதா என்று பொருளின் பக்கத்திலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கிடங்கில் இருக்கும் பலகைகளைப் பார்க்க ஆய்வறைக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்க வேண்டும்.

தியாமத்தின் அரக்கர்களில் ஒன்றான முஷ்ஹுஷ்ஷு பிறகு மர்துக்கின் விலங்காகிவிடுகிறது. அதைப் பார்க்க விரும்பி, பாபிலோன் நகரின் இஷ்தார் வாயிலுக்காக பெர்லின் பெர்கமோன் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். 2023 அக்டோபரிலிருந்து புதுப்பிப்புக்காக மூடியிருக்கிறார்கள், அந்தப் பகுதி திறக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதே வாயிலின் செங்கல் விலங்குகள் சில இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிரிட்டிஷ் மியூசியத்தின் படங்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு, பெயர் குறிப்பிட்டால் இலவசம். விளம்பர வருமானம் வரும் காணொளிக்கும் விலைக்கு விற்கும் புத்தகத்துக்கும் இது பொருந்தாது, அங்கே தனி உரிமம், தனிக் கட்டணம். தமிழில் மொழிபெயர்த்து வெளியிட நினைப்பவர்கள் மூலப் பதிப்பின் உட்பக்க உரிமக் குறிப்பைப் படிக்க வேண்டும். திறந்த அணுக்கம் என்று போட்டிருந்தாலும் சில உரிமங்கள் மாற்றியமைப்பதைத் தடை செய்யும், மொழிபெயர்ப்பும் அதில் அடங்கும். அப்படியானால் பதிப்பகத்துக்கு எழுதி அனுமதி வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். கிங்கின் 1902 பதிப்புக்கு இந்தத் தடை இல்லை. அதை எடுத்தால் ஐந்தாம், ஆறாம் பலகைகளின் ஓட்டையும் கூடவே வரும் என்பதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள்.